குடிசை என்று எழுதப்பட்ட உப்பு

1

காலை 6.42. அலாரத்தை நிறுத்தக் கைபேசியை எடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு கல். முழங்கால் உயரம் இருக்கும். உச்சியில் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் ஒரு பக்கமாக வழிந்து காய்ந்திருந்தது. கல்லுக்குப் பின்னால் உப்புப் பாத்திகள், அவற்றில் அசையாத தண்ணீர், அதற்கும் பின்னால் மரக்காணத்தின் மார்ச் மாத வெயில்.

படத்தை அனுப்பியவர் என் அண்ணன் சூசை. கீழே குரல் பதிவு ஒன்று இருந்தது. நம்ம உப்பளத்துக்குள்ளேயே கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் கார் பேட்டரி கம்பெனி வருகிறது என்கிறார்கள், உனக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியுமே, என்ன ஏது என்று பார்த்துச் சொல் என்றார். கோபமாகப் பேசவில்லை. வெளியூரில் இருக்கும் தங்கையிடம் ஒரு மாத்திரையின் பெயரைக் கேட்பதைப் போலத்தான் கேட்டிருந்தார்.

நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்லை நடுவதற்கு அனுமதி வாங்கித் தந்த சுற்றுச்சூழல் அறிக்கையில், ‘நிலமும் மக்களும்’ என்ற அத்தியாயத்தை எழுதியவள் நான்.

2

படிப்பவர்களுக்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு தமிழ் நாளிதழில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி மூன்று ஆண்டுகள் உதவி ஆசிரியர். இரவு வரும் படங்களுக்கு விளக்கம் எழுதுவது என் பொறுப்பில் இருந்தது. படத்தில் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது அங்கே விதி. சந்தேகம் வந்தால் படம் எடுத்தவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது கேட்போம்.

திருமணமாகி ஜெர்மனிக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் சிறிய ஊரில் இருக்கிறோம். இங்கே வந்தபிறகு சுற்றுச்சூழல் மேலாண்மை படித்தேன். இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. ஒரு தொழிற்சாலை கட்ட வேண்டுமென்றால், அது அந்த இடத்தின் மண்ணை, தண்ணீரை, காற்றை, மனிதர்களை என்ன செய்யும் என்று ஓர் அறிக்கை தர வேண்டும். அதைத் தயாரிப்பது எங்கள் தொழில். முதலீடு செய்பவர் ஐரோப்பாவில் இருந்தால் ஆசியாவில் வரும் ஆலைக்கும் நாங்களே எழுதுவோம்.

முன்பெல்லாம் ஓர் அறிக்கைக்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். மின்சார வாகனங்கள் வந்ததும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. பேட்டரி, மோட்டார், சார்ஜர் போன்றவற்றைச் செய்யும் ஆலைகளுக்குத் தனியாக ஒரு விரைவு வழி. அறிக்கையைச் சில வாரங்களில் முடிக்க வேண்டும். திட்ட நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லை, யாரும் அதை வைத்துப் பிழைக்கவில்லை என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் இந்த விரைவு வேலைக்கு நாலு பேர் கொண்ட குழு இருந்தது. அதன் தலைவி நான்.

இந்த வேலையை நான் நம்பித்தான் செய்தேன். தாமதம் என்பது எப்போதும் நியாயத்தின் பக்கம் இருப்பதில்லை. வந்த புதிதில் இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில், விசா நீட்டிப்புக்காகப் பதினோரு முறை வரிசையில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு காகிதம் குறைந்தது. ஒருமுறை எனக்குத் தெரிந்த ஜெர்மனில், நான் நாளை காலாவதியாகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். என் விசா என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை, நாளை வா என்றார். ஊரில் அண்ணனின் அளக் குத்தகையைப் புதுப்பிக்கும் மனு எந்த மேசையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும். சித்திரையில் பெய்யக் கூடாத மழை பெய்து, வாரி எடுக்க வேண்டிய உப்பு பாத்தியிலேயே கரைந்துபோன இரண்டு வருடங்களை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். வானம் இப்படிக் கெட்டதில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பங்கு உண்டு. அவை ஓய்ந்தால் அளத்துக்கும் நல்லதுதான் என்று ஒரு மகிழ்ச்சியோடு நினைத்திருக்கிறேன்.

இதை நான் தப்பித்துக்கொள்வதற்காக எழுதவில்லை. நம்பிக்கை இருந்ததால்தான் கையும் வேகமாக ஓடியது.

3

இனி அந்தப் படம்.

மரக்காணம் பக்கம் உப்பு விளைவது தை கடைசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் முழுக்க ஒரே வெள்ளக்காடு. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாது. அப்போது வேலை இல்லை. ஆண்கள் கட்டட வேலைக்கும், பெண்கள் குயிலாப்பாளையம் பக்கத்து விடுதிகளில் துணி துவைக்கவும் போவார்கள். மழை விட்டு, தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரி, பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். பிறகுதான் உப்புத் தண்ணீர் பாய்ச்சுவது.

கொஞ்சம் வசதி உள்ள குத்தகைக்காரர்கள் கடைசி வாரில், அதாவது பாத்தியிலிருந்து கடைசி முறை வாரும்போது, எடுத்த உப்பை விற்காமல் மேட்டில் குவித்து வைப்பார்கள். மழைக்காலத்தில் விலை ஏறும். குவியலுக்குக் கூரை போட்டது போலப் பனையோலை வேய்ந்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே பழைய மீன் வலையைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் இல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்ட குடிசை மாதிரி இருக்கும்.

எங்கள் நிறுவனம் அமர்த்திய இரண்டு ஆய்வாளர்கள் அந்த நிலத்துக்குப் போனது டிசம்பர் முதல் வாரத்தில். இருவரும் புனேக்காரர்கள். கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்கள். மூன்று நாள் மழையில் நனைந்துகொண்டு அறுபது படங்கள் எடுத்து அனுப்பினார்கள். அவர்கள் கண்ட வரைக்கும் அங்கே தேங்கிய தண்ணீர் இருந்தது, மனிதர்கள் இல்லை. முப்பத்தெட்டாவது படத்தில் ஓலை, வலை, கட்டிய கல் எல்லாம் தெளிவாக இருந்தன. கீழே அவர்கள் எழுதியிருந்த விளக்கம்: கைவிடப்பட்ட குடிசை.

நான் அதைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு. திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். அது குடிசை இல்லை என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. அதன் கீழ் குறைந்தது பத்து டன் உப்பு இருக்கும் என்றும் தெரிந்தது.

திருத்தவில்லை. காரணம் அவசரம் மட்டும் இல்லை. நவம்பரில், இந்த வேலையை எடுத்துக்கொள்ளும்போது ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். திட்டப் பகுதியில் எனக்கோ என் நெருங்கிய உறவினருக்கோ சொத்து இல்லை என்பது அதன் வாசகம். அண்ணனுடையது கூட்டுறவு சொசைட்டி வழியாக வந்த குத்தகை, சொத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை மாற்றியிருப்பார்கள். என் ஊருக்குப் போகிற திட்டம் என்பதாலேயே எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. முடித்தால் பதவி உயர்வும் இருந்தது. இப்போது குடிசையை உப்பு என்று மாற்றினால், உனக்கு எப்படித் தெரியும் என்று முதல் கேள்வி வரும்.

வரைபடத்தைப் பெரிதாக்கினால் அது யார் அளம் என்று தெரிந்திருக்கும். நான் பெரிதாக்கவில்லை. ‘ஆய்வின்போது நிலம் எந்தப் பயன்பாட்டிலும் இல்லை’ என்று எழுதினேன். வரி பொய் இல்லை. டிசம்பரில் இல்லைதான்.

4

கல்லின் படம் வந்த அன்று காலை உணவு மேசையில் மகள் ரீனா எதிரே உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயது. வீட்டில் தமிழில் கேட்பேன், ஜெர்மனில் பதில் வரும். சில சமயம் என் மீது இரக்கப்பட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வாள். ஜெர்மன் பேசும்போது செய்வது போல வினைச்சொல்லைக் கடைசிவரை பிடித்து வைத்து, தமிழில் தானாகவே சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவாள்.

பருவநிலைக்காகப் பள்ளி மாணவர்கள் நடத்தும் ஊர்வலத்துக்கு அவள் போகிறவள். அட்டையில் வாசகம் எழுதும்போது எழுத்துப்பிழை பார்க்க மட்டும் என்னிடம் வருவதில்லை. வகுப்பில் என் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்திருக்கிறாள். எலெக்ட்ரிக் கார்கள் சீக்கிரம் வருவதற்கு என் அம்மா உதவுகிறாள் என்பது அதன் முதல் வரி. ஆசிரியை அதை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அலுவலகத்தில் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

அன்று கணினியில் அந்த முப்பத்தெட்டாவது படத்தைத் திறந்து அவளிடம் காட்டினேன். இது என்ன என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். “வீடு. ஆனா யாரும் இல்ல,” என்றாள்.

ஒன்பது வயதில் ஊருக்கு வந்தபோது அப்படி ஒரு குவியலின் ஓலையைத் தூக்கிக் காட்டி, அண்ணன் அவள் கையில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. அதற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஞாபகம் இருந்த நான் எழுதியதும் அவள் சொன்னதும் ஒன்றுதான்.

5

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணனே அழைத்தார். அதற்குள் ஊரில் விஷயம் தெரிந்திருந்தது. அனுமதி வந்துவிட்டது, கூட்டம் எதுவும் கிடையாது என்று யாரோ விசாரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் கூடிப் பேசி, மனு கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. குத்தகைக்காரர்களில் பாதிப் பேர் உள்ளூர் இந்துக்கள், அவர்களும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். மனுவை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அண்ணனைப் பார்த்திருக்கிறார்கள்.

“பேப்பர்ல எழுதுனவ, இப்ப இதே வேலையா ஜெர்மனில இருக்கறா, அவள விட்டா வேற யாரு எழுதுவான்னு கேக்கறாங்கம்மா,” என்றார். “எந்த எடத்துல அடிச்சா விழும்னு உனக்குத்தான் தெரியும். ரெண்டு பக்கம் எழுதிக் குடு.”

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பக்க எண்ணோடு தெரியும். அண்ணன் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணம் நீளமாகத்தான் இருந்தது. லைன் கட்டாகிவிட்டதா என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

“அண்ணா, அந்த ரிப்போர்ட்ட எழுதுனது நான்தான்.”

“எந்த ரிப்போர்ட்டு?”

“அளம் சும்மா கெடக்குதுன்னு சொல்ற ரிப்போர்ட்டு. வந்து பாத்தவங்க வேற. எழுதுனது நான்.”

மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். அண்ணி ரோஸ்லின் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். கைபேசி அவர் கைக்கு மாறியது. படத்தைப் பற்றிக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

“ஓல போட்டு, வல போட்டு, கல்லு கட்டியிருக்குது. அது உப்புன்னு உனக்குத் தெரியாதா ஸ்டெல்லா?”

“தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சுதான் குடிசன்னு விட்டியா. அந்தக் குடிசையில யாரு இருக்கறதா எழுதுன?”

“யாரும் இல்லன்னு.”

“சரிதான். உங்க அண்ணன் வெயில்ல நின்னு கறுத்துப்போயிட்டாரில்ல, போட்டோவுல தெரியல போல.”

அண்ணி என்னைத் திட்டவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவரே பேசட்டும், எனக்குச் சோறு வடிக்கணும் என்று சொல்வது கேட்டது.

அண்ணன் கைபேசியை வாங்கினார். பிறகு, உன் ஆபீசுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது, வரும் வாரம் சொல்லிவிடுவேன் என்றேன்.

“சொன்னா வேல போயிடுமா?”

“தெரியல.”

“ரீனா ஸ்கூல் முடிக்க இன்னும் எத்தினி வருஷம்?”

“நாலு.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மனுவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்குகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

6

மனுவை அன்று மாலைக்குள் எழுதிவிட்டேன். நான் எழுதியவற்றிலேயே சரியான ஆவணம் அதுதான் என்று நினைக்கிறேன். உப்பு விளையும் மாதங்கள், விளையாத மாதங்கள், ஆய்வு நடந்த மாதம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். முப்பத்தெட்டாவது படத்தில் இருப்பது என்ன என்று ஐந்து வரியில் எழுதினேன். அறிக்கையில் எந்தப் பக்கம், எந்த வரி தவறு என்று குறித்தேன். ஆலை வேண்டாம் என்று அதில் எழுதவில்லை. எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று எழுதினேன். ‘எங்களை’ என்று தட்டச்சு செய்தபோது கை ஒரு முறை நின்றது. அழிக்கவில்லை. அது அவர்கள் மனு.

அலுவலகத்தில் சொல்வது அவ்வளவு வேகமாக நடக்கவில்லை. திங்கட்கிழமை என் மேலதிகாரி பெட்ரா விடுப்பில் இருந்தார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே வேறு ஒருவர் இருந்தார். காபி எடுத்துக்கொண்டு என் இருக்கைக்குத் திரும்பினேன். அதன்பின் இரண்டு மணி நேரம் அவர் அறையில் தனியாகத்தான் இருந்தார். அது என் இருக்கையிலிருந்து தெரியும்.

புதன்கிழமை சொன்னேன்.

பெட்ரா குறுக்கிடாமல் கேட்டார். மரக்காணம் என்ற பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு முறை முயன்றார். பிறகு, அந்த உப்புக் குவியலை எனக்கு வரைந்து காட்ட முடியுமா என்றார். ஒரு தாளில் வரைந்தேன். ஓலை, வலை, கல். எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க முடியாது, அதனால்தான் உன்னை வைத்திருந்தோம் என்றார். குரல் உயரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. பதினாறு ஆண்டுகளில் ஜெர்மன் அவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்த நாள் வேறில்லை.

வேலை போகவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். குழுத் தலைமை வேறொருவருக்குப் போனது. நான் இப்போது ஒலி மாசு அட்டவணைகளைச் சரிபார்க்கிறேன். வெள்ளிக்கிழமையே சென்னையில் அனுமதி தந்த அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் அனுப்பப்பட்டது. அதில் நான் எழுதிய வரியின் மேல் கோடு போட்டு, ‘நிலம் ஆண்டில் சுமார் எட்டு மாதம் உப்பு உற்பத்தியில் உள்ளது’ என்று மாற்றியிருந்தார்கள். சுவரிலிருந்த ரீனாவின் கட்டுரையை நானே எடுத்துவிட்டேன். வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலெக்ட்ரிக் கார் நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நல்லது என்றேன். அப்படியென்றால் மாமா பொய் சொல்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் பதில் அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

7

மே மாதத்தில் பதில் வந்தது. அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். விரைவு வழி என்பதால் கூட்டத்தையும் விரைவாக நடத்த முடிவு செய்திருந்தார்கள். பாதிக்கப்படும் உப்பு உற்பத்தியாளர்கள் யார் என்று தனியாகக் கணக்கெடுக்க நேரம் இல்லை. மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களையே பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள்.

பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டிய அந்தப் பட்டியலை அண்ணி படம் எடுத்து அனுப்பினார். அதில் அண்ணன் பெயர் இல்லை. உடனே அண்ணியை அழைத்தேன். அண்ணன் அளத்தில் இருந்தார். வார் எடுக்கும் நாள்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரும் கையெழுத்துப் போடும்போது, அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டவர்களிடம் அப்புறம் போடுகிறேன் என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் காரணம் சொல்லியிருக்கிறார்.

“தங்கச்சி பேரு அந்த ரிப்போர்ட்ல இருக்குது, என் பேரு இதுல இருந்தா ரெண்டுத்தையும் சேத்து நோண்டுவாங்க, அவளுக்கு வேல போயிடும், புள்ள படிக்குதுன்னாரு. நான் சொன்னா கேக்கற ஆளா அவரு?”

புதன்கிழமையே நான் ஆபீசில் சொல்லிவிட்டேன் அண்ணி என்றேன்.

“புதங்கெழமதான,” என்றார்.

அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். குத்தகைச் சீட்டின் நகலையும் இணைத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். பட்டியல் இறுதி செய்யப்பட்டுவிட்டது என்று இருந்தது. அண்ணனிடம் பேசினேன். அதுக்கு இப்ப என்னம்மா, மத்தவங்க பேசுவாங்க இல்ல என்றார். இந்த வருஷம் வார் நன்றாக வந்திருக்கிறது என்றார். ரீனாவைக் கேட்டார்.

பட்டியலில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். கூட்டத்தில் பேசுவதற்கும், ஆலை வந்தால் மாற்று நிலம் கேட்பதற்கும் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் உரிமை உண்டு. கூட்டம் ஜூன் இரண்டாம் வாரத்தில் நடக்கிறது.